பெட்டிகளை எண்ணிய ஊர்

கல்கத்தாவில் ஏலம்போன வங்காள அபின் பெட்டி ஒவ்வொன்றிலும் 40 உருண்டைகள் இருக்கும். மாமரப் பலகைப் பெட்டி; உள்ளே அறை அறையாகத் தடுப்பு; ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் காய்ந்த கசகசாப் பூவிதழ்களை அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்த ஓடு. ஒரு பெட்டிச் சரக்கு ஏறத்தாழ 140 பவுண்டு. பாட்னா, காசிப்பூர் தொழிற்சாலைகளில் கிழக்கிந்தியக் கும்பினி முத்திரை விழுந்து, கங்கையில் படகேறி, கல்கத்தாவில் கைமாறி, பினாங்குத் துறையில் இறங்கும்வரை அந்தப் பெட்டியின் கணக்கு தவறாது. இறங்கிய பிறகும் தவறாது. அதைக் காய்ச்சிச் சண்டு ஆக்கி விற்கும் உரிமை எந்த ஆண்டு எவ்வளவு தொகைக்குக் குத்தகை போனது, அந்தத் தொகை அரசாங்க வருமானத்தில் எத்தனை பங்கு என்பதெல்லாம் வரிசையாக எழுதி வைக்கப்பட்டன. இன்றைக்கும் ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம். அந்தச் சரக்கால் இந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைத்தான் கூட்டிப் பார்க்க முடியாது. வருமானக் கணக்கின் பக்கத்தில் வைக்கத்தக்க சாவுக் கணக்கு அந்த ஆண்டறிக்கைகளில் இல்லை. போதையால் இறந்தவர்களைப் பினாங்கு நினைவில் வைத்துக்கொள்ளாததற்கு மக்களின் மறதியையோ மனத்தின் கடுமையையோ காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. எண்ணப்படாத சாவை ஊர் நினைக்க முடியாது. இங்கே எண்ணாமல் விட்டதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு நிர்வாகக் காரணம் இருந்தது.

சுங்கை பினாங் பக்கம் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஆயர் ஈத்தாம் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, டத்தோ கிராமாட் வழியாக வந்து, ஜெலுத்தோங் ஓரமாகக் கடலில் விழுகிறது இந்த ஆறு. (பாலிக் பூலாவ் பக்கமும் ஒரு சுங்கை பினாங் உண்டு, அது வேறு.) யுனெஸ்கோ 2008இல் உலக மரபுடைமையாக அறிவித்த பழைய நகரம் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளும் பட்டறைகளும் சிறு கோயில்களும் ஆற்றை ஒட்டி இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பினாங்குச் சிறையும் தொலைவில் இல்லை. போதைச் சரக்கின் 200 ஆண்டுக் கதையில் வரும் எல்லாருக்கும் இந்தச் சிறு வட்டாரத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. 1786இல் தீவில் கொடி ஏற்றிய பிரான்சிஸ் லைட், அதற்கு முன்பே இந்தக் கடலில் அபினும் விற்ற வணிகர். கார்ன்வாலிஸ் கோட்டையில் அவருக்கு 1936இல் நிறுவிய வெண்கலச் சிலை இருக்கிறது. பேராக்கின் வரிக் குத்தகைகளில் பொருள் சேர்த்த கப்பித்தான் சுங் கெங் குவீயின் வீடு இன்று பெரானாக்கான் அருங்காட்சியகம். டச்சு இந்தியத் தீவுகளில் அபின் குத்தகை எடுத்திருந்த சியோங் ஃபாட் சேயின் நீல மாளிகை விடுதியாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். அபினை எதிர்த்த வூ லியென் தே பெயரில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் அருகே ஒரு குடியிருப்பு உண்டு. ஹெராயின் வழக்கில் தூக்குத் தண்டனையை எதிர்த்து வாதாடிய கர்ப்பால் சிங்கின் பெயர், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு கடற்கரைச் சாலைக்கு இருக்கிறது. விற்றவர், குத்தகை எடுத்தவர், எதிர்த்தவர், வாதாடியவர் எல்லாருக்கும் பெயர் இருக்கும் ஊரில், குடித்துச் செத்தவருக்கு மட்டும் இல்லை.

குத்தகைக் காலத்திலிருந்து தொடங்குவோம். பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே சாராயம், சூதாட்டம், அபின் என்று ஒவ்வொன்றும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டன. துறைமுகத்தில் சுங்க வரி கிடையாது என்பது இந்தத் தீவின் பெருமை. அந்த வரியில்லாத் துறைமுகத்தை நடத்தும் செலவைக் கூலிக்காரரின் சண்டுக் குழாய் சுமந்தது. பினாங்கும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி, பல பத்தாண்டுகளுக்கு, அபினிலிருந்து வந்தது. குத்தகைதாரர் உருண்டையை உடைத்து, நீரில் கரைத்து, வடிகட்டி, தேன்பதம் வரும்வரை காய்ச்சுவார். அதை ஹூன் கணக்கில் நிறுத்துச் சில்லறைக் கடைகளில் விற்பார்கள். 10 ஹூன் ஒரு சீ. 10 சீ ஒரு தாஹில். ஒரு தாஹில் சுமார் 38 கிராம். துறைமுகக் கூலி வாங்குவது இரண்டு மூன்று ஹூன். குழாயில் எரிந்து மிஞ்சும் கசடும் வீணாகாது. அதிலும் போதைச் சத்து மிஞ்சியிருக்கும் என்பதால் திரும்ப வாங்கி மறுபடி காய்ச்சுவார்கள், அல்லது கையில் காசில்லாதவர் அதை அப்படியே விழுங்குவார். சுரங்கத்திலும் படகுத்துறையிலும் உடம்பு முறிய வேலை செய்தவருக்கு அது வலி மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து, தூக்க மருந்து எல்லாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சண்டு புகைப்பவர் அளவு மீறிச் சாவது அரிது. புகைக்கும்போதே தூக்கம் வந்து குழாய் கையிலிருந்து நழுவிவிடும். ஆகவே அன்றைக்கு ஓவர்டோஸ் சாவு என்று ஒன்று இருந்ததாகச் சொல்வது இன்றைய சொல்லை அன்றைய உடம்பில் ஒட்டுவதாகும் என்று சொல்லலாம். புகையைப் பொறுத்தவரை இது உண்மை. விழுங்குவதைப் பொறுத்தவரை உண்மையல்ல. கசடை விழுங்கியவரும், கடன் தாங்காமலோ நோய் தாங்காமலோ சண்டுவையே விழுங்கித் தற்கொலை செய்துகொண்டவரும் அந்தக் காலத்துக் கீழ்த்தட்டு வாழ்க்கையில் அபூர்வமான ஆட்கள் அல்லர். இவர்களை நாம் ஓரளவு அறிய முடிவது ஒரே ஒரு வகைப் பதிவால்தான்: மரண விசாரணை அதிகாரியின் ஏடு. சிங்கப்பூர் ரிக்‌ஷாக்காரர்களைப் பற்றி ஜேம்ஸ் வாரன் 1986இல் வெளியிட்ட நூல் இந்த வகை ஏடுகளைப் புரட்டி எழுதியது. அரசாங்க அறிக்கைகளில் வெறும் கூலி எண்ணிக்கையாக இருந்தவர்கள், செத்த பிறகு நடந்த அரைமணி நேர விசாரணையில் பெயரும் வயதும் அறைத் தோழனின் சாட்சியும் உள்ள ஆட்களாகிறார்கள். சட்டைப் பையில் என்ன இருந்தது, கடைசியாக யாரிடம் என்ன சொன்னார், வாடகை பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். மற்றப்படி, அபின் பழகிய உடம்பு கடைசியில் காசநோயிலோ பெரிபெரியிலோ சீதபேதியிலோ விழும். பதிவேட்டில் அந்த நோயின் பெயர்தான் ஏறும். மருத்துவர் எழுதியதில் பொய் இல்லை. அபினுக்கு மட்டும் அதில் பங்கில்லாமல் போய்விடும்.

இந்த ஏற்பாட்டை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே. 1879இல் பிறந்து, ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குயின்ஸ் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியவர். 1906இல் பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கம் கிளம்பியபோது முன்னணியில் நின்றார். பழக்கத்தை விட வந்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தார். சுமார் 2,000 பேர் கூடிய மாநாட்டைக் கூட்டினார். 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டார்கள். ஒரு அவுன்ஸ் அபின் டிங்க்சர் கிடைத்தது. அபின் பழக்கத்திலிருந்து விடுவிக்க வைத்தியம் செய்யும் பட்டம் பெற்ற மருத்துவர் வைத்திருந்த மருந்து அது. ஆனால் உரிமம் இல்லாமல் வைத்திருந்தார் என்று அபராதம் விதித்தார்கள். தெருவுக்குத் தெரு சண்டுக்கடைக்கு உரிமம் இருந்த ஊரில் நடந்த வழக்கு இது என்பதை மறக்கக்கூடாது. சிறிது காலத்தில் அவர் சீனாவுக்குப் போய்விட்டார். 1910–11இல் மஞ்சூரியாவின் நுரையீரல் பிளேக்கைக் கட்டுப்படுத்தி உலகப் புகழ் பெற்றார். 1960இல் பினாங்கிலேயே காலமானார். கோவிட் காலத்தில் முகக்கவசத்தின் முன்னோடி என்று அவர் பெயர் மறுபடி எங்கும் அடிபட்டது. நல்லதுதான். ஆனால் சொந்த ஊரில் அவர் எதற்காகக் கூண்டில் ஏறினார் என்பது அந்தப் புகழில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. சீனாவில் பிளேக் பிணங்கள் கண்முன்னே குவிந்தன; ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள்; அதனால் அவர் செய்தது இன்னதென்று சொல்ல முடிகிறது. பினாங்கில் அவர் காப்பாற்றியது யாரிடமிருந்து எத்தனை பேரை என்று சொல்ல ஓர் எண் இல்லை.

வூ விட்டுச்சென்ற கேள்விக்கு அரசாங்கம் பதில் தேடவே இல்லை என்று சொல்ல முடியாது. விசாரணைக் குழு அமைத்தார்கள். 1908இல் வந்த அதன் அறிக்கை, மிதமாகப் புகைப்பதால் பெருந்தீங்கு இல்லை என்ற பக்கமே சாய்ந்து, குத்தகையை ஒழித்து அரசே விற்கலாம் என்றது. 1910 ஜனவரி முதல் சண்டு அரசாங்கச் சரக்கு ஆயிற்று. சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் ஆலையில் காய்ச்சி, முத்திரையிட்டு அனுப்பினார்கள். 1925இல் ஒரு நிதி தொடங்கினார்கள். அபின் வருமானம் நின்றுபோனால் அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கான சேமிப்பு. ஓர் அரசாங்கம் எதைப் பற்றி அஞ்சுகிறது என்பதை அது எதற்கு நிதி ஒதுக்குகிறது என்பதில் பார்க்கலாம். 1920களின் கடைசியில் புகைப்பவர்களைப் பதிவு செய்யவும் தொடங்கினார்கள். அதாவது உயிரோடு இருக்கும் வாடிக்கையாளருக்கு ஏடு வந்தது. 1943 நவம்பரில், மலாயா ஜப்பானியர் கையில் இருந்தபோது, மீட்ட பிறகு அபின் அனுமதிக்கப்படாது என்று லண்டன் அறிவித்தது. 1946இல் அது சட்டமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு நடந்த அரசு வணிகம் ஒரு பிரகடனத்தோடு குற்றமாக மாறியது. அதே கிழவர், அதே குழாய். நேற்றுவரை வருமானம் கொடுத்தவர் இன்று குற்றவாளி. பழைய ஏட்டில் அவர் சாவுக்கு இடமில்லாதது வணிகத்துக்கு அது இடைஞ்சல் என்பதால்; புதிய ஏட்டில் இடமில்லாதது அவர் சட்டத்தை மீறியவர் என்பதால்.

ஹெராயின் வந்தபோது சாவின் தன்மையே மாறியது. 1970களில் தங்க முக்கோணத்திலிருந்து இறங்கிய சரக்கு மலேசிய இளைஞர்களிடம் பரவியது. சண்டு பெரும்பாலும் சீனக் கூலிகளின் பழக்கமாக இருந்தது. தமிழ்த் தொழிலாளியின் கதை கள்ளுக்கடையோடு ஓடியது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. ஹெராயின் அந்த இன வேலியைப் பிடுங்கிவிட்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லார் வீட்டிலும் நுழைந்தது. ஊசியில் ஏறும் ஹெராயின் மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை அமுக்கும். ஆள் தூங்குவதுபோலத் தெரியும். குறட்டை போன்ற ஒலி வரும். உதடு நீலம் பாயும். பிறகு மூச்சு நிற்கும். பல சமயம் இதற்கு நேரம் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து, நாலோக்சோன் என்ற மருந்தும் கையில் இருந்தால், நின்றுகொண்டிருக்கும் மூச்சைச் சில நிமிடத்தில் மீட்டுவிடலாம். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கக்கூடியவர்கள் கையில் அந்த மருந்து கிடைக்க வழி செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. மலேசியாவிலோ போதைப்பொருளை உடம்பில் ஏற்றுவதே 1952ஆம் ஆண்டு அபாயகரமான மருந்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ஆம்புலன்சைக் கூப்பிடும் நண்பன் காவல் நிலையத்தையும் சேர்த்து நினைக்கிறான். அவன் ஓடுவதைக் கோழைத்தனம் என்று சொல்வது சுலபம்.

அரசின் பதில் தண்டனையாக இருந்தது. 1975இல் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்று ஆனது. 1983இல் அதையே விதித்தாக வேண்டும் என்று ஆனது. அதே 1983 பிப்ரவரி 19 அன்று பிரதமர் மகாதீர் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று அறிவித்தார். அந்தத் தேதிதான் இன்றுவரை தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நாள். ஆக, இந்த நாட்டின் நாள்காட்டியில் போதைக்கென்று இருக்கும் நாள் போர் தொடங்கிய நாள்; சாவை நினைக்கும் நாளல்ல. போரில் செத்தவர்கள் பெயர் மட்டும் உலகம் முழுக்கத் தெரிந்தது. 1983 நவம்பரில் பினாங்கு விமான நிலையத்தில் பிடிபட்ட ஆஸ்திரேலியர்கள் கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் இருவரும் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 1986 ஜூலை 7 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பார்லோவுக்கு வாதாடியவர் அப்போது ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்ப்பால் சிங். அந்த இரண்டு சாவையும் பற்றிப் புத்தகங்களும் தொலைக்காட்சித் தொடரும் வந்தன. அவர்கள் கொண்டுபோனது போன்ற சரக்கை ஏற்றிக்கொண்டு அதே ஆண்டுகளில் இதே ஊரின் மாடிப்படிக்கு அடியிலும் கழிவறையிலும் கிடந்தவர்களுக்குக் காவல் நிலையத்தில் ‘திடீர் மரண அறிக்கை’ என்ற ஒரு தாள் கிடைத்தது. கட்டாய மரண தண்டனையை 2023இல் நாடு கைவிட்டது. தூக்குமேடையைப் பற்றி 40 ஆண்டு நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தத் தாள்களைப் பற்றி நடந்திருந்தால் வேறு சில விஷயங்களும் முன்னமே தெரிந்திருக்கும்.

உதாரணத்துக்கு ஒன்று. பழகிய உடம்பு பெரிய அளவையும் தாங்கும். சில மாதம் நிறுத்திவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். பழைய அளவை மறுபடி ஏற்றினால் அதுவே கொல்லும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்றும், ஓவர்டோஸால் சாகும் வாய்ப்பு 129 மடங்கு என்றும் அது கண்டது. மலேசியாவின் கட்டாய மறுவாழ்வு முகாம்களோ ஆளைப் பிடித்து, இரண்டாண்டு உள்ளே வைத்து, அதே தெருவில் கொண்டுவந்து விடும் முறையில் நடந்தவை. அந்த முகாம்களில் இருந்து வந்தவர்களையும், தாமாக வந்து ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட மலேசிய ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. முன்னவர்கள் மறுபடி போதைக்குத் திரும்ப எடுத்த இடைநிலைக் காலம் 31 நாள். பின்னவர்களுக்கு 352 நாள். இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழும் கேள்வி வெளிப்படை: முகாமிலிருந்து வந்த முதல் மாதத்தில் இங்கே எத்தனை பேர் செத்தார்கள்? விடுதலைத் தேதியையும் இறப்புத் தேதியையும் ஒன்றாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். கணக்கு இல்லாததன் விலை, நினைவுச் சின்னம் இல்லாததைவிடப் பெரியது.

எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. எச்.ஐ.வி. தொற்றை இந்த நாடு ஒவ்வொரு ஆளாக எண்ணியது. 2002இல் புதிய தொற்று 6,978 என்று வந்தபோது, அதில் பெரும்பங்கு ஊசி பகிர்ந்தவர்களுடையது என்பதும் தெரிந்துவிட்டது. அந்த எண்ணுக்கு முன்னால் ‘ஒழிக’ என்று முழங்குவதால் பயனில்லை என்று சுகாதார அமைச்சு புரிந்துகொண்டது. 2005இல் மெத்தடோன் சோதனை முயற்சி. 2006இல் புதிய ஊசி கொடுத்துப் பழையதை வாங்கும் திட்டம். அந்தத் திட்டத்தின் முதல் மூன்று இடங்களில் பினாங்கும் ஒன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எய்ட்ஸ் செயல் ஆய்வுக் குழு அதை இங்கே நடத்தியது. ஊசி கொடுப்பது போதைக்கு ஊக்கம் கொடுப்பதாகும் என்று அன்றைக்குப் பேசாதவர் குறைவு. சில ஆண்டுகளில் புதிய தொற்றுகளில் ஊசிக்காரர்களின் பங்கு சரிந்து சிறுபான்மையாகிவிட்டது. இறந்தவர்களை நினைப்பதே போதையைப் பெருமைப்படுத்துவதாகும் என்று இன்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். அதே வாதம், அதே ஊர், ஏற்கெனவே ஒருமுறை சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

இன்னொரு மறுப்பு, இது மேல்நாட்டு வழக்கம் என்பது. ஓவர்டோஸ் விழிப்புணர்வு நாள் 2001இல் மெல்பர்னில், செயின்ட் கில்டா பகுதியில், இரட்சணிய சேனையில் ஊசித் திட்டம் நடத்திய சாலி ஃபின் தொடங்கியது என்பது உண்மைதான். அதற்குக் குறித்த தேதி ஆகஸ்ட் 31. பினாங்கில் அந்த நாளில் ஊதா ரிப்பன் குத்திக்கொண்டு யார் நிற்பார்கள்? மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் அணிவகுப்பு நடக்கும்; கொடி பறக்கும். தேதி இங்கே ஒட்டாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெயர் தெரியாத, கேட்பாரற்ற பிணத்துக்குப் பொதுவில் சோறு வைப்பது மேல்நாட்டு வழக்கமா? சீனர்களின் ஏழாம் மாதத்தில் பினாங்குச் சந்தைகளும் தெருக்களும் பசித்த ஆவிகளுக்குப் படையல் போடுகின்றன. காகிதத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஆவிகளின் தலைவர் உருவம் நிற்கும். வாரிசு இல்லாதவர், துர்மரணம் அடைந்தவர் எல்லாருக்கும் சேர்த்துப் பந்தி. கடைசியில் உருவத்தைக் கொளுத்துவார்கள். 1970களிலிருந்து இந்தத் தெருக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து அதே விழாவில் பணம் திரட்டிச் சீனப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்து வருகின்றன. யாருடைய ஆவி என்று கேட்காமல் நினைப்பதும், அந்த நினைவை உயிரோடு இருப்பவருக்குப் பயனாக்குவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த மாதம் ஆகஸ்டைத் தொட்டுத்தான் வருகிறது என்பது தற்செயல்.

தமிழ்க் குடும்பங்களின் தயக்கம் இதைவிட ஆழமானது. அதைச் சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மலேசியத் தமிழ் நாளேடுகளின் இரங்கல் பத்தி உறவுமுறை விஷயத்தில் மிகத் துல்லியமானது. மூத்த மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி, தகனம் பத்து லஞ்சாங்கில் எத்தனை மணிக்கு, கருமக்கிரியை எந்தக் கிழமை என்று ஒன்றும் விடுபடாது. 28 வயதில் எப்படி இறந்தான் என்பது மட்டும் இருக்காது. கேட்டால் நெஞ்சுவலி. வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கை இருக்கும்போது தாய் வேறு என்ன சொல்லுவாள்? பெயரைச் சொல்லித்தான் நினைக்க வேண்டும் என்றால் இந்த எதிர்ப்பு நியாயமானது. கணக்குக்குப் பெயர் தேவையில்லை. வயது, வட்டாரம், என்ன சரக்கு, சிறையிலிருந்தோ முகாமிலிருந்தோ வந்து எத்தனை நாள், பக்கத்தில் யாராவது இருந்தார்களா: இவ்வளவும் பெயரில்லாமலே சொல்லலாம். பெயர் சொல்வது குடும்பத்தின் விருப்பம். எண்ணைச் சொல்வது அரசின் கடமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் குடும்பத்தின் வெட்கம் நிர்வாகத்தின் சோம்பலுக்குச் சாக்காகிவிட்டது.

இப்போது ஹெராயின் காலம் போய்விட்டது, மலேசியா சியாபு எனப்படும் மெத்தாம்பெட்டமின் நாடாகிவிட்டது, ஆகவே இந்தப் பேச்சு காலம் கடந்தது என்பது கடைசியாக வரும் மறுப்பு. சரக்கு மாறியது உண்மை. சியாபு மூச்சை நிறுத்துவதில்லை. இதயத்தைத் துரத்துகிறது, ரத்தக் குழாயை வெடிக்க வைக்கிறது. அதனால் அது பதிவேட்டில் மாரடைப்பு, பக்கவாதம், சாலை விபத்து என்று இன்னும் சுலபமாக மறைகிறது. காசநோய்க்குள் மறைந்த சண்டின் அதே கதை. ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் மட்டும் நாம் எண்ணுகிறோம். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்கள் பெயர் வந்தது, சட்டமன்றத்தில் பேச்சு வந்தது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் வந்தது. குடித்துச் செத்தவனுக்கு ஏன் பணம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இருந்தும் அந்தச் சாவுகள் ஊர்க்கணக்கில் ஏறிவிட்டன. அதே 60 பேர் ஆண்டு முழுக்க ஒவ்வொருவராக, வெவ்வேறு மாடிப்படியில் போயிருந்தால் அது செய்தியே இல்லை.

ஆறு ஓரத்தில் ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று இதற்கெல்லாம் முடிவு கட்டலாம். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. இந்த ஊரில் கல் நிறைய இருக்கிறது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329ஆம் பிரிவு திடீர் மரணம் ஒவ்வொன்றையும் காவல்துறை விசாரித்து, தோன்றும் காரணத்தை எழுத வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. தாள் இருக்கிறது, அதில் காரணம் எழுதும் இடமும் இருக்கிறது. பினாங்கு மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரி எடுக்கும் வசதி இருக்கிறது. நச்சு ஆய்வு முடிவு வந்த பிறகு அந்தத் தாளைத் திருத்தி, ஆண்டுக்கு ஒருமுறை மாநில அளவில் தொகுத்து, பெயரில்லாமல் வெளியிடுவதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், தொகுதி உறுப்பினரின் நிதி ஒதுக்கீடுகூட வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அதை எந்த மாதத்தில் வெளியிடுவது என்பதை வேண்டுமானால் தெருக் குழுக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.